அப்பாவின் அறைக்குப் போன ஒயர்

ஒரு பக்கம் கைகால் விளங்காமல் அப்பா படுத்த பிறகு, ஓடைப்பட்டி வீட்டில் அவருடைய அறையில் ஒரு பழைய டிவியை வைத்தோம். வாசலில் நின்றால் டிவியின் முதுகுதான் தெரியும். கேபிள்காரர் வீட்டில் கரண்ட் போனால் எங்களுக்கும் படம் போய்விடும். அப்போதும் அப்பா விவசாய நிகழ்ச்சி பார்க்கட்டும் என்று, கொடைக்கானல் நிலையத்தைப் பிடிக்கிற மாடி ஆன்டெனாவையும் சேர்க்க நினைத்தேன்.

"ரெண்டையும் ஒண்ணாச் சேத்தா படம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கும். நடுவுல சுவிட்ச் போடுங்க" என்றார் மெக்கானிக். எழுந்திருக்க முடியாதவருக்கு யார் ஓடிப்போய் சுவிட்சை மாற்றுவது? எரிச்சலில், ஒரு ஒயரை இரண்டாகப் பிரிக்கிற ஸ்பிளிட்டரைத் திருப்பி மாட்டி, இரண்டையும் நானே ஒன்றாக்கிவிட்டேன்.

ஒரு வாரத்தில் அப்பா, "ஏலே, எல்லா மூஞ்சியும் ரெட்டையாத் தெரியுதுடா" என்றார். தேனிக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டினோம். கண் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். அப்படியானால் புத்திதான் பிசகிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டினோம். மறுபடி சொன்னபோது, "சும்மா கெடங்கப்பா" என்று கத்தினேன். அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அறையை ஒழிக்கப் போனவன், டிவியைப் போட்டுவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். திரையில் திராட்சைக் கொடி கவாத்து பற்றிப் பேசிக்கொண்டிருந்தவருக்கு இரண்டு தலை இருந்தது.

எட்டு மாதம் சோறு ஊட்டினோம், மாத்திரை கொடுத்தோம், துணி மாற்றினோம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் அவரோடு படம் பார்க்க எங்களில் ஒரு நாய்க்கும் தோன்றவில்லை.