வழுக்கி விழுந்தவர்கள்

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியின் முதலுதவி அறையில்தான் நான் நர்ஸ் வேலையைத் தொடங்கினேன். பிரஸ் மிஷினில் விரல் மாட்டியவர்கள், வெல்டிங் பொறி கண்ணில் பட்டவர்கள், சாப்பிடாமல் ஓ.டி. பார்த்து மயங்கியவர்கள் என்று ஷிப்டுக்கு நாலைந்து பேர் வருவார்கள். கட்டுப் போட்ட பிறகு பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். "கவனக்குறைவுன்னு எழுதிடுங்க சிஸ்டர், யாருக்கும் தொந்தரவு இல்ல" என்று முதல் வாரமே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மூன்று வருடம் அப்படியே எழுதினேன்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஷிப்ட் வேலை ஒத்துவரவில்லை. பகல் வேலை மட்டும் என்பதால், அந்தப் பக்கத்திலேயே இருந்த கூர்நோக்கு இல்லம் ஒன்றில் ஒப்பந்த நர்ஸாகச் சேர்ந்தேன். ஏதாவது குற்றத்தில் பிடிபட்ட, பதினெட்டு வயது நிரம்பாத பையன்களை வழக்கு முடியும்வரை அரசு வைத்திருக்கும் இடம் அது. சட்டப்படி சிறை இல்லை. உள்ளே நீளமான ஒரு கூடம், இரும்பு வலை அடித்த ஜன்னல்கள், பட்டப்பகலிலும் எரியும் டியூப் லைட். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனி பஸ்கள் நிறுத்தும் திடல். பஸ்கள் கிளம்பும் சத்தத்தை வைத்தே பையன்கள் மணி சொல்வார்கள்.

சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். முதுகில் மூன்று கோடுகள் தடித்திருந்தன. எப்படி ஆனது என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற காவலரைப் பார்த்தான்.

"பாத்ரூம்ல வழுக்கி வுந்துட்டான் சிஸ்டர்," என்றார் காவலர்.

வழுக்கி விழுந்தால் முதுகில் கோடு விழாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதினேன். பழகிய கை.

கண்காணிப்பாளர் மெதுவாகப் பேசும் மனிதர். என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் கேட்காமலே லீவு கொடுப்பார். அவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. கூடத்தில் அடி விழுகிற நேரத்தில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கோப்பு பார்ப்பார், அவ்வளவுதான். அடித்தது இரண்டு காவலர்கள். அவர்களும் தினமும் பன்னிரண்டு மணி நேரம் நின்றவர்கள். நாற்பதுக்கு மேல் பையன்கள், இரண்டே ஆட்கள். இதை நியாயப்படுத்தச் சொல்லவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

வழக்கமாக ஆய்வுக்கு வருகிறவர்கள் முந்தின நாளே சொல்லிவிடுவார்கள். பையன்களுக்குப் புதுப் போர்வை வரும், சாம்பாரில் காய் வரும். அந்த வருடம், இந்தப் பையன்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் புதிதாக வந்த மாஜிஸ்திரேட் அம்மா, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலை பதினொரு மணிக்கு வந்து இறங்கினார். டீயை வேண்டாம் என்றார். நேராக என் அறைக்கு வந்து, நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து, சிகிச்சைப் பதிவேட்டைக் கேட்டார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

"இந்த மாசம் மட்டும் பதினோரு பேர் பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருக்காங்க," என்றார். "அந்த பாத்ரூமைக் கொஞ்சம் காட்டுங்க."

கண்காணிப்பாளர், நான், காவலர் மூவரும் பின்னால் போனோம். சொரசொரப்பான சிமென்ட் தரை. அதுவும் காய்ந்து கிடந்தது. காலையிலிருந்து மோட்டார் ஓடவில்லை. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலோடு உள்ளே போய், இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக இரண்டு முறை நடந்தார். பிறகு வெளியே வந்து என்னிடம் கேட்டார்.

"எங்கம்மா வழுக்குது?"

அந்த அம்மா என் பதிலுக்காகக் காத்திருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு, எழுத்துமூலம் விளக்கம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு டிரக் கம்பெனியின் உற்பத்தி லைனில் வேலை பார்க்கிறார்.

"நீ காண்ட்ராக்ட்டு. நாளைக்கு வேணாம்னா வூட்டுக்கு அனுப்பிடுவான். நமக்கு இன்னாத்துக்கு?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் நானும் விரும்பினேன்.

கண்காணிப்பாளருக்கு விளக்கக் கடிதத்தை எழுத உதவியதும் நான்தான். சோப்புத் தண்ணீர், பையன்களின் விளையாட்டுத்தனம், வடிகால் அடைப்பு என்று காரணங்கள் அடுக்கினோம். ஒரு வாரத்தில் குளியலறையில் ரப்பர் விரிப்பு போட்டார்கள். 'வழுக்கும், கவனம்' என்று ஒரு பலகையும் மாட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த காயங்களுக்கு, 'விளையாடும்போது' என்று எழுதச் சொன்னார்கள்.

வல்லம் வடகால் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு பையன் இருந்தான். கம்பெனிக் கழிவிலிருந்து செம்பு ஒயர் எடுத்ததாக வழக்கு. பதினேழு வயது. கலகலப்பானவன், என் அறையைப் பெருக்கித் தருகிறேன் என்று வந்து மருந்துப் பெட்டிகளின் பெயரையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பான். அவன் அம்மா ஒரு செல்போன் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். ஞாயிறு தோறும் யூனிபாரத்தோடேயே பார்க்க வருவார்.

ஒரு மதியம் அவனைக் கூட்டி வந்தபோது இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வரை வழிந்து காய்ந்திருந்தது. காவலருக்கு அந்த நேரம் போன் வந்து வராண்டாவுக்குப் போனார். பஞ்சால் துடைத்தேன். அவன் தலையைத் திருப்பி, வலது காதை என் பக்கம் காட்டினான்.

"இந்தப் பக்கம் பேசு சிஸ்டர். அதுல ங்கொய்னு ஒரே சத்தமா கீது."

"யார் அடிச்சா?"

அவன் சிரித்தான். "இன்னா சிஸ்டர், தெரியாத மாதிரி கேக்கற. நான் சொன்னா மட்டும் எழுதவா போற?"

அவன் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. என்னைப் பற்றி அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொன்னான், அவ்வளவுதான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பதிவேட்டை எடுத்து, அவன் சொல்லச் சொல்ல, அவன் கண்முன்னாலேயே எழுதினேன்: இடது காதில் கையால் பலமாக அறையப்பட்டதாகப் பையன் சொல்கிறான், அடித்தவர் இன்னார், செவிப்பறை கிழிந்திருக்கலாம். அதையே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டிலும் எழுதி, மடித்து அவன் சட்டைப்பையில் வைத்தேன். காவலர் திரும்பி வந்து, "இன்னா எழுதனீங்க?" என்று கேட்டார். "காது வலின்னு," என்றேன். எழுதியது உண்மை, சொன்னது பொய். அன்று அவ்வளவு தைரியம்தான் இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்த காது டாக்டர் தன் கடமைப்படி போலீசுக்கும் குழுமத்துக்கும் தெரியப்படுத்தினார். இரண்டாம் நாள் மாஜிஸ்திரேட் அம்மா ஒரு டாக்டரோடும் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரியோடும் வந்தார். காவலர்களை கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, பையன்களை ஒவ்வொருவராக என் அறையில் விசாரித்தார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னபோது சிலர் அழுதார்கள். சிலர் வெட்கப்பட்டார்கள். நான் வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூப்பிட்டபோது, பதிவேட்டில் நான் எழுதியதெல்லாம் பொய் என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அந்த அம்மா பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. "எந்தத் தேதியிலிருந்து?" என்று மட்டும் கேட்டார்.

கண்காணிப்பாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். காவலர்கள் இருவர் மீதும் வழக்குப் பதிவானது. கட்டடம் பையன்கள் இருக்கத் தகுதியில்லை என்று அறிக்கை போனது. சீரமைப்பு முடியும்வரை எல்லாரையும் தெற்கே ஒரு மாவட்டத்து இல்லத்துக்கு மாற்றினார்கள். போலீஸ் வேனில் ஏறும்போது சின்னப் பையன்கள் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டார்கள். அடுத்த ஞாயிறு, விஷயம் தெரியாமல் தாய்மார்கள் சிலர் பூட்டிய கேட்டின் முன் வந்து நின்றார்கள். நான் பொருட்களை ஒப்படைக்கப் போயிருந்தேன். காதில் அடிபட்டவனின் அம்மாவும் நின்றார்.

"போக ஒரு நாளு, வர ஒரு நாளு. சூப்பர்வைசர் லீவு குடுக்க மாட்டான் சிஸ்டர். நான் எப்படிப் போய்ப் பாக்கறது?" என்றார்.

சீரமைப்பு முடிய நாலு மாதம் ஆனது. அதற்குள் அவர் ஒரே ஒருமுறைதான் போய்ப் பார்த்தார்.

இல்லம் மறுபடி திறந்தது. மஞ்சள் பெயின்ட், மூலைக்கொரு கேமரா, ஆலோசகர் ஒருவர், புகார்ப் பெட்டி. அதன் சாவி குழுமத்திடம். காவலர்கள் ஆறு பேர் ஆனார்கள். காயப் பதிவேட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்களாம்: 'பையன் தன் வாயால் சொன்னது.' அதை அங்கே இப்போது இருக்கும் நர்ஸ் சொல்லித் தெரிந்துகொண்டேன். எனக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இப்போது படப்பையில் ஒரு கிளினிக்கில் இருக்கிறேன்.

போன மாதம் பழைய கண்காணிப்பாளர் மீதான துறை விசாரணைக்குச் சாட்சியாகக் காஞ்சிபுரம் கூப்பிட்டிருந்தார்கள். கண்காணிப்பாளர் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்து, பழக்கத்தில், "பாப்பா நல்லாருக்கா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

அவருக்காகப் பேச வந்தவர் என் பழைய பதிவேட்டை மேஜையில் விரித்தார். காதுச் சீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு முந்தைய பக்கங்களைத்தான் கேட்டார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"வழுக்கி விழுந்தான்னு எழுதியிருக்கீங்க. உண்மையா, பொய்யா?"

"பொய்."

"இது?"

"பொய்."

அப்படி ஒவ்வொரு வரியாகப் பக்கம் பக்கமாகப் போனார். பொய் எழுதுகிறவள் கடைசிச் சீட்டில் மட்டும் உண்மை எழுதுவாளா என்று முடித்தார். கேள்வி நியாயமானதுதான்.

விசாரணை அறையின் கதவு திறந்தே இருந்தது. நான் வெளியே வந்தபோது பெஞ்சில் காதில் அடிபட்ட பையனின் அம்மா உட்கார்ந்திருந்தார். அடுத்த சாட்சி அவர்தான். எல்லாம் கேட்டிருக்கும். பக்கத்தில் உட்காரலாமா என்று தயங்கினேன். பையை நகர்த்தி இடம் கொடுத்தார். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். கேஸ் முடிந்துவிட்டது, பதினெட்டும் ஆகிவிட்டது என்றார்.

"லைன் வேலைக்குப் போனான் சிஸ்டர். மெடிக்கல்ல காதுல மிஷினு மாட்டி டெஸ்ட் வெக்கறாங்களாமே. ரெண்டு கம்பெனில ஃபெயிலு. இப்போ வூட்லயே குந்திகினு கீறான். டிவிய மட்டும் சத்தமா வெப்பான்."

பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"மொதல்லயே நீ எழுதியிருந்தீன்னா, என் புள்ள காது நல்லா இருந்திருக்கும் இல்ல?"

"இருந்திருக்கும்மா," என்றேன்.

அவர் தலையாட்டினார். அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார். என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து முடிக்கும்வரை இருக்கச் சொல்லியிருந்ததால் நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.