உப்புக் காத்தின் மேல் போட்ட பழி

எதிர்வீட்டு அக்காவின் கம்ப்யூட்டரில் வட்டம் சுத்திக்கொண்டே இருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் திருவொற்றியூர் கடலோரக் குப்பத்தில் அக்காவின் முன்னறைதான் எல்லாருக்கும் விண்ணப்பம் போடும் இடம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு திருத்தம், எல்லாம் அங்கேதான். அன்றைக்கு ஒரு பெரியம்மா ஒரே பக்கத்துக்காக அரைமணி நேரமாய்க் காத்திருந்தார்.

"அக்கா, ரேம் மாத்தினா பறக்கும். நான் பாத்துக்கறேன்."

"நெஜமாவாடி? இத்த வச்சுதான் என் பொழப்பே ஓடிக்கினு கீது, பாத்துக்க."

எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், எனக்கா தெரியாது? டிடிஆர் த்ரீ வகை என்று மட்டும் பார்த்து, எட்டு ஜிபி ரேம் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். மதர்போர்டு என்ன மாடல், ஒரு ஸ்லாட்டில் எவ்வளவு தாங்கும் என்று தேடவே இல்லை. கேபினெட்டைத் திறந்தால் போர்டு மேலேயே மாடல் அச்சடித்திருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்கு எனக்குப் பொறுமை இல்லை.

புது ரேம் ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தது. ஃபேன் சுத்தியது, திரை மட்டும் கறுப்பு. பதறிப்போய்ப் பழையதையே திரும்பச் சொருகினேன். அப்போதும் கறுப்பு. விண்ணப்பம் போட வந்தவர்கள் வாசலில் நின்று பார்க்கிறார்கள்.

"இன்னா ஆச்சுடி?"

"போர்டு போயிடுச்சுக்கா. உப்புக் காத்து அரிச்சிருக்கு."

எங்கள் பக்கத்தில் உப்புக் காத்தின் மேல் என்ன பழி போட்டாலும் யாரும் சாட்சி கேட்கமாட்டார்கள்.

"வூட்டு ஃபேனு, கிரில்லு, சைக்கிளு எல்லாத்தையும் துன்னுச்சு, இத்த மட்டும் வுடுமா? நீ இன்னா பண்ணுவ, பாவம்," என்று சொல்லி அக்கா நெத்திலி வறுத்து வைத்தாள். தின்றேன். போதாததற்கு, பெரிய டாக்டர் மாதிரி போர்டை செல்லில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் மேல் பழைய புடவை விழுந்தது. வருகிறவர்களை எல்லாம் அக்கா விம்கோ நகர் இ-சேவை சென்டருக்கு அனுப்பினாள். நான் அக்கா வீட்டைப் பார்த்த எங்கள் ஜன்னலைச் சாத்தி வைத்தேன்.

நேற்று காலேஜ் போகிற ரயிலில் அந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போர்டில் துளி துரு இல்லை. மாடல் பளிச்சென்று தெரிந்தது. தேடினால், ஒரு ஸ்லாட்டுக்கு நாலு ஜிபிதான் தாங்குமாம். அதைவிடக் கேவலம், நான் திரும்பச் சொருகிய பழைய ரேமைப் பிடிக்கிற ஸ்லாட்டின் ஒரு பக்கக் கொக்கி பூட்டவே இல்லை, திறந்து கிடந்தது. மூஞ்சியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நாளைக் காலை, அக்கா கதவைத் திறந்ததும் போகப்போகிறேன். பேசாமல் கொக்கியை அழுத்திப் பூட்டினால் ஒருவேளை திரை வந்துவிடும், நானும் கெட்டிக்காரி ஆகிவிடுவேன். அக்கா அதற்கும் நெத்திலி வறுப்பாள். அதனால் முதலில் போட்டோவைக் காட்டி, காத்து இல்லக்கா, நான்தான் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் தொடவிட்டால், இரண்டு பக்கமும் 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்திப் பார்க்கவேண்டும்.