முழங்கால் தண்ணீர்

வெட்டி ஒரு மணி நேரம்கூட ஆகாத புளியமரத்துக்கு ஒரு வாசனை உண்டு. புளிப்பும் பச்சையுமாக மூக்கில் ஏறி, வாயில் எச்சில் ஊற வைத்துவிடும். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலையை மறித்த அந்த வருஷத்தில், வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்த எனக்கும் அப்பாவுக்கும் கச்சிராயபாளையத்தில் முதலில் எட்டியது அந்த வாசனைதான்; அப்புறம்தான் சாலைக்குக் குறுக்கே கிளையும் இலையுமாகக் கிடந்த மரத்தைப் பார்த்தோம். அப்பா மலைமேல் பள்ளிக்கூட வாத்தியார். நான் பத்தாவது படிக்கிறவள், லீவுக்கு இரண்டு நாள் அவரோடு தங்கிவிட்டுத் திரும்புகிறேன். பஸ் இல்லை, லாரி இல்லை. டீக்கடையில் விட்டிருந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீடு இருந்த கள்ளக்குறிச்சி வரைக்கும் நடைதான். ஐயோ, எனக்கு எவ்வளவு குஷி என்கிறீர்கள்! சாலை முழுக்க எங்களுடையது.

வழியில் ஏழு மரம் விழுந்து கிடந்தது, எண்ணிக்கொண்டே வந்தேன். வடக்கனந்தல் தாண்டி நாலாவது மரத்தில் அப்பா சைக்கிளைத் தூக்க முடியாமல் திணறியபோது, கோடாலியோடு நின்ற கூட்டத்திலிருந்து ஒரு ஆள் ஓடி வந்தார். ஏழுமலை என்று பெயர், அப்பா மலைக்கு மாற்றலாகும் முன் அவரிடம் படித்தவர். "நீங்க ஏன் சார் தூக்கறீங்க, வுடுங்க" என்று சைக்கிளை ஒற்றைக் கையால் அந்தப் பக்கம் வைத்தார். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். "பாப்பா, இந்தா, வாயில போட்டுக்கினு நட, தாகம் தெரியாது" என்று வெட்டின கிளையிலிருந்து புளியம்பிஞ்சு பறித்து என் பாவாடையில் போட்டார். நடந்தது இவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சபையில் நான் சொன்னதோ வேறு.

ஏன் சொன்னேன் என்று சொல்ல, எங்கள் "வாலிபர் கூட்டத்தை" நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாட்டு முடிந்ததும் "சாட்சி நேரம்" வரும். கர்த்தர் நமக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். என் சாட்சி மூன்று வருஷமாக ஒன்றேதான்: "நான் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தேன், சிறு வயது முதல் ஞாயிறு பள்ளிக்குப் போனேன், கர்த்தர் என்னை இம்மட்டும் நடத்தினார், எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்." கீறல் விழுந்த ரிக்கார்டு மாதிரி. மனப்பாட வசனத்தில் எல்லாப் பரிசும் எனக்குத்தான், ஆனால் முழங்காலில் நின்று ஜெபித்தால் என் வார்த்தை ஓட்டுக் கூரையில் முட்டிக்கொண்டு என் தலையிலேயே விழும். என் சிநேகிதி கிரேஸுக்கோ பெரிய சாட்சி இருந்தது. ஆழக் கிணற்றில் விழுந்து, மூழ்கி, மூன்றாம் முறை மேலே வந்தபோது ஒரு கை வந்து தூக்கியதாம். அவள் சொல்லும்போதெல்லாம் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கர்த்தர் அவளை மட்டும் பார்க்கிறார், என்னைத் தாண்டிப் போய்விடுகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம்.

அன்றைக்கு எழுந்து நின்றேன். "ரோட்டுல கம்பும் கத்தியுமா ஒரு கூட்டம் எங்கள மறிச்சது" என்று ஆரம்பித்தேன். நான் கண்ணை மூடி வசனம் சொன்னதாகவும், கண்ணைத் திறந்தால் வெள்ளை வேட்டி கட்டின பெரியவர் ஒருவர் வழிவிடச் சொல்லி எங்களை அனுப்பியதாகவும், திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம் என்றும் அளந்துவிட்டேன். "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று சபையே அதிர்ந்தது. உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. உட்காரும்போதுதான் ஆண்கள் பக்கம் பார்த்தேன். கடைசிப் பாயில் அப்பா உட்கார்ந்திருந்தார். என்னைக் கூட்டிப்போக வந்தவர். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். சைக்கிள் செயின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது.

செவ்வாய்க்கிழமைக்குள் என் சாட்சிக்குக் கையும் காலும் முளைத்துவிட்டது. வாத்தியார் பெண்ணை வடக்கனந்தல் பையன்கள் சைக்கிளிலிருந்து இழுத்துத் தள்ளினார்கள் என்று சந்தையில் பேச்சு. புதன்கிழமை காலையில் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து நின்றார். "யார் யாருன்னு பேரு மட்டும் சொல்லுங்க சார், நாங்க பாத்துக்கறோம். ஏழுமலைன்னு ஒருத்தன் அங்க நின்னுக்கினு இருந்தானாமே?"

புளியம்பிஞ்சு கொடுத்த ஆள்! அப்பா நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "கூட இருந்தது நீதானேம்மா, நீயே சொல்லு" என்றார். ஜெபம் என்று சொல்ல முடியாது, "ஆண்டவரே" என்ற ஒரு சொல் மட்டும் மனசுக்குள் ஓடியது. "யாரும் மறிக்கல சார். அவர் தண்ணி குடுத்தாரு, சைக்கிளத் தூக்கி வுட்டாரு. நான் பொய் சொன்னேன்" என்றேன். போலீஸ்காரர் வாயைப் பிளந்தார். "இன்னா சார் இது, கோயில்ல சொன்னதாச்சேன்னு நம்பி வந்தேன்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். மரம் வெட்டிய வழக்கில் ஏழுமலை மற்றவர்களோடு ஜெயிலுக்குப் போய்த் திரும்பினார்; என் பொய்யால் அவர் தலையில் இன்னொரு வழக்கு ஏறவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மூச்சு சீராகிறது.

ஆனால் சபையில் சொன்ன பொய் சபையிலேயே இருந்தது. அடுத்த சனிக்கிழமை, "நானும் கூட வரட்டுமா?" என்று கேட்ட அப்பாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். எழுந்து, "போன வாரம் நான் சொன்னது அத்தனையும் பொய். எனக்கு எதுவுமே நடக்கல. நான் ஜெபம் பண்ணா யாரும் கேக்கற மாதிரியே இல்ல" என்று சொல்லி முடித்தேன். இந்தத் தடவை ஸ்தோத்திரம் இல்லை. தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று நின்றேன்.

அப்போது கிரேஸ் எழுந்தாள். முகம் செவசெவ என்று இருந்தது. "எனக்கும் ஒண்ணு சொல்லணும். நான் வுழுந்த கெணத்துல முழங்கா மட்டும்தான் தண்ணி. நானேதான் ஏறி வந்தேன்."

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். பிறகு யாரோ களுக்கென்று சிரிக்க, கூட்டமே வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கூட்டத்தை நடத்துகிற அருள் அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தையல்காரர், எங்களைவிட ஆறேழு வயசு பெரியவர். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். "நான் ரெண்டு மாசமா வூட்ல ஜெபமே பண்ணல. நீங்க வருவீங்களேன்னு சனிக்கிழமை மட்டும் வந்துக்கினு இருக்கேன்" என்றார்.

அன்றைக்கு ஜெபித்தோம் பாருங்கள்! ஆளுக்கு ஒரு வரிதான். "ஆண்டவரே, நான் பொய்க்காரி." "ஆண்டவரே, கணக்குப் பரீட்சைன்னா பயமா இருக்கு." "ஆண்டவரே, எனக்கு ஜெபம் வரல." அலங்காரம் ஒன்றும் இல்லை. என் வார்த்தை அன்றைக்குக் கூரையில் முட்டவில்லை. எங்கே போனது என்று தெரியாது, திரும்பி வரவில்லை, அது போதுமாக இருந்தது. அதன் பிறகு சாட்சிக்கு யார் எழுந்தாலும் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "எவ்ளோ தண்ணி?" கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று உள்ளபடி சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஒன்றுமில்லை என்றாலும் சொல்லலாம். அப்படிச் சொன்னவன் பக்கத்தில்தான் அன்றைக்கு எல்லாரும் உட்காருவோம். சனிக்கிழமை எப்போது வரும் என்று ஓடினோம்.

இப்போது அந்தச் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள், கச்சிராயபாளையம் வரைக்கும் நிழலுக்கு ஒதுங்கப் பழைய புளியமரம் ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது. ஓட்டுக் கூரை போய்க் கான்கிரீட் வந்துவிட்டது. பாய் போய் நாற்காலி வந்துவிட்டது, சாட்சிக்கு மைக்கும் இருக்கிறது. பின்னாலிருந்து கேள்வி கேட்கிற குரல் மட்டும் இல்லை.

கிரேஸ் கேட்பாள். திருக்கோவிலூரில் வாழ்க்கைப்பட்டவள், சனிக்கிழமை தவறாமல் போன் செய்வாள். அப்பா காலமாகி மூன்று மாதம், ஜெபிக்க வாயே வராமல் கிடந்தேன். "எவ்ளோ தண்ணி எஸ்தரு?" என்றாள். "சுத்தமா வத்திப்போச்சுடி" என்றேன். அவள் வசனம் சொல்லவில்லை, தேற்றவும் இல்லை. "எனக்கும் இப்ப கம்மிதான்டி. இரு, பஸ் ஏறி வரேன். ரெண்டு பேருமா எட்டிப் பாக்கலாம்" என்றாள்.

வந்தாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் "ஆண்டவரே" என்று ஓவென்று அழுதேன். அப்பா போன பிறகு என் வாயில் வந்த முதல் ஜெபம் அதுதான்.