ஒரே ஒரு நகல்

ஒரு தந்தையின் குரலை இரு மகள்களுக்கு எப்படிப் பங்கிடுவது?

மந்தைவெளியில் என் அண்டை வீட்டுக்காரர், காலமாவதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு நிறுவனத்தின் விளக்கப்படத்துக்கு வர்ணனை பேசியிருந்தார். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. அவர் மறைந்த பிறகு, அப்படம் இருந்த லேசர் டிஸ்க் என்னும் பெரிய தட்டை அந்நிறுவனத்திடம் இரவல் வாங்கி, அதன் ஒலியை டிஜிட்டல் முறையில் மினிடிஸ்க் என்னும் சிறு ஒலித்தட்டில் பதிந்துகொண்டு உடனே திருப்பித் தந்தேன். சில வாரங்களில் நிறுவனமே மூடப்பட்டது. அசல் போன இடம் தெரியவில்லை.

அவருடைய மூத்த மகளுக்கு அந்த மினிடிஸ்க்கைக் கொடுத்தேன். இளையவளுக்காக அதிலிருந்து இன்னொன்று பதிய முனைந்தபோது கருவி மறுத்துவிட்டது. தியாகராய நகர்க் கடையின் மெக்கானிக் சிரித்தார்.

"நகல்லேர்ந்து நகல் எடுக்க வுடாது சார், பூட்டு போட்டுகீது. அசலு கீதா?"

"இல்லை."

"அப்போ டிஜிட்டல் வேணாம், சாதா ஒயர்ல ஏத்திக்கோ, அதுல பூட்டு வேல செய்யாது. இரைச்சல் வரும், இன்னா பண்றது?"

அப்படியே பதிந்து கொடுத்தேன். கேட்டுவிட்டு இளையவள் சொன்னாள்: "அக்காவுக்கு அப்பா மூச்சு விடறதுகூடக் கேக்குது, மாமா. எனக்கு மழை பெய்யற மாதிரி இருக்கு."

திருட்டு நகல்களைத் தடுக்கப் பூட்டு வைத்தவர்களுக்கு அவர்களுடைய நியாயம் இருக்கலாம். விசாரிக்காமல் அசலைக் கைவிட்டது என் பிழை. இப்போதெல்லாம் யாருக்குப் பதிந்து தருவதானாலும் எத்தனை பேருக்கு வேண்டும் என்று முதலில் கேட்கிறேன். அத்தனை நகல்களையும் அசலிலிருந்தே எடுத்த பிறகுதான் அதைத் திருப்பித் தருகிறேன்.