ஏழு மணிக்கு அணைத்து வைத்த வைஃபை

மூன்று வருடம் இருக்கும். கள்ளக்குறிச்சிக்கு வெளியே, கரும்புத் தோட்டங்களை ஒட்டிய எங்கள் தெருவில் நடந்தது இது. எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஒரு வீட்டுக்குத் தனியாக நெட் இணைப்பு வாங்க யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் நாலு வீடு பங்கு போட்டு ஓர் இணைப்பு எடுத்தோம். வைஃபை பெட்டியை நடுவில் இருந்த அக்கா வீட்டில் மாட்டினோம்.

அந்த அக்கா வெள்ளிமலையிலிருந்து பிழைக்க இறங்கி வந்தவர். கணவர் இல்லை. ஒரே மகன் கேரளாவில் கட்டட வேலையில் இருந்தான். தினமும் மாலை ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவான். எல்லோரும் நெட்டைப் பயன்படுத்தினால் அவன் முகம் அப்படியே நின்றுவிடும். அதனால் அந்த நேரத்தில் மற்ற வீடுகளில் போனில் வைஃபையை அணைத்துவிடுவது என்று எங்களுக்குள் பேச்சு. பிளஸ் டூ படித்த என் மகள், பாதிப் பாடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுப்பாள். "புள்ள சாப்ட்டானான்னு அவங்க கேட்டுக்கட்டும். நீ அப்பறம் பாரு" என்று அதட்டுவேன்.

ஒருநாள் வேலையிடத்தில் சாரம் சரிந்து அந்தப் பையன் இறந்துபோனான்.

காரியம் முடிந்த மறுநாள், ஏழு மணிக்கு என் மகள் யாரும் சொல்லாமலே வைஃபையை அணைத்தாள். வெளியே எட்டிப் பார்த்தேன். மற்ற இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

இனி அக்காவுக்கு நெட் எதற்கு? அவர் விலகினால் மூன்று வீட்டால் தாங்க முடியாது. மகளுக்கோ பரீட்சை நெருங்கிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் இதை எப்படிக் கேட்பது?

கொஞ்ச நாளில் அக்காவே வந்தார். "இன்னாத்துக்குப் புள்ளைங்க சும்மா ஒக்காந்துகினு இருக்குதுங்க?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஏழு. அவருக்கே புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இனிமே என்னை யாரும்மா கூப்புடப் போறாங்க. படிக்கச் சொல்லு. என் பங்கை எப்பவும் போலக் குடுத்துடறேன். வூட்டுல அந்தப் பொட்டி லைட்டாவது எரிஞ்சிகினு இருக்கட்டும்."

என் மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள். பங்கு இன்றும் நாலாகத்தான் இருக்கிறது. ஏழு மணியானால் என் கை தானாக வைஃபையை அணைக்கப் போகிறது. மகன் முகத்தைப் பார்க்க வாங்கிய நெட்டில் ஒரு தாய் எங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தாரே என்று நினைக்காமல் ஒரு மாலைப் பொழுதும் எனக்குக் கழிவதில்லை.