சுவர் காயட்டும்

டெய்லரக்கா எங்கள் மண்வீடு கட்டும் பயிற்சிக்கு வந்த அன்றே, "சீக்கிரம் முடியுமா?" என்றுதான் கேட்டாள். இருபது வருஷமாகத் தைக்கக் கொடுத்தவர்களை "நாளைக்கு வாங்க" என்று அலையவிட்டவளுக்கு இவ்வளவு அவசரமா என்று எங்களுக்கு ஒரே சிரிப்பு.

விஷயம் தெரிந்ததும் சிரிப்பு நின்றது. கட்டிக்கொடுத்த மகளை மருமகன் போட்டு அடிக்கிறான். மகள் கிளம்பி வரத் தயார். ஆனால் டெய்லரக்கா குடியிருப்பதோ ஒற்றை அறை. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், தையல் மெஷின் எல்லாம் அதற்குள்தான். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது. பயிற்சிக்காகக் கட்டவேண்டிய அறையை மகளுக்கென்று அங்கேயே கட்டுவது என்று நாங்கள் பன்னிரண்டு பெண்களும் முடிவு செய்தோம்.

மண்ணும் மணலும் வைக்கோலும் கொட்டி, தண்ணீர் விட்டு, அவரவர் மாமியாரை நினைத்துக்கொண்டு மிதித்தோம். சுவரை ஒரு நாளைக்கு ஒரு முழம்தான் ஏற்றலாம். பிறகு கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, விரல் பதியாவிட்டால்தான் அடுத்த முழம். டெய்லரக்காவுக்கு அது பொறுக்கவில்லை. நாங்கள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாளாக இரண்டு முழம் ஏற்றிவிட்டாள். மறுநாள் போய்ப் பார்த்தால் சுவர் வயிறு தள்ளிச் சரிந்து கிடந்தது.

"பதறாத காரியம் சிதறாதுக்கா," என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் சரிந்த மண்ணில் தண்ணீர் ஊற்றி மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அவள் விரல் வைத்துப் பார்க்காமல் ஒரு உருண்டை மண்கூட ஏற்றியதில்லை. சுவர் கதவு உயரத்துக்கு வந்த அன்று மகளிடமிருந்து போன். அக்காவின் கையெல்லாம் சேறு என்பதால் நான்தான் அவள் காதில் பிடித்தேன்.

"அம்மா, நாளைக்கே வந்துடட்டுமா?"

"இன்னும் பத்தே நாள் பொறுத்துக்க கண்ணு. செவரு காயட்டும், கூரை போடணும். உனக்குன்னு தனி ரூம். யாரு மூஞ்சியையும் பாத்துக்கிட்டு நிக்க வேணாம்."

"சரிம்மா."

எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "பாத்தீங்களா, அக்கா தேறிட்டாங்க," என்று நான்தான் சொன்னேன்.

ஏழாம் நாள் மகள் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம். மருமகன் சொன்னான், நாங்கள் யாரும் நம்பவில்லை. போலீஸ் கேஸ் நடக்கிறது. நடந்து என்ன, பிள்ளை போய்விட்டாள்.

துக்கம் விசாரிக்கப் போனோம். உறவுக்காரர்கள், அக்கம்பக்கத்தார், நாங்கள் என்று எல்லோரும் அந்த ஒற்றை அறையில்தான் நெருக்கி உட்கார்ந்தோம். அழுது ஓய்ந்த டெய்லரக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"எண்ணிப் பாத்தேன். இந்த ரூமுக்குள்ள இருபத்தாறு பேரு உக்காந்திருக்கோம். எம் பொண்ணைத்தான் பத்து நாள் பொறுன்னு சொல்லிட்டேன்."