பசுமலைக்கு ஒரு டிக்கெட்

1. ஒரு வாரமா லேட்டு

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை. பொங்கல் கூட்டம் தொடங்கியிருந்தது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் உசிலம்பட்டி வண்டிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். மகளின் வகுப்பாசிரியை போன் செய்தார்.

“சார், நிவேதா ஒரு வாரமா லேட்டாத்தான் வருது. கேட்டா வாயத் திறக்க மாட்டேங்குது.”

பஸ் லேட்டாக இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். கண்டக்டர் வேலையில் இருபது வருடங்களுக்கு மேல் இருப்பவனுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. அதுவும் அவள் ஏறுவது பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் டவுன் பஸ். கண்டக்டர் பாண்டி. நேரத்துக்கு வண்டி எடுப்பதில் எங்கள் டிப்போவிலேயே கெட்டிக்காரன்.

நிவேதா அப்போது ஏழாம் வகுப்பு. நாலு வயதிலிருந்தே பேச்சு திக்கும். வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொன்னவர்கள் உண்டு; கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னவர்களும் உண்டு. நாங்கள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவரிடம் அழைத்துப் போனோம். அவர் முதலில் எங்களுக்குத்தான் பாடம் எடுத்தார். “மெதுவாப் பேசு, மூச்சு விடுன்னு சொல்லாதீங்க. வார்த்தையை நீங்க முடிச்சுக் கொடுக்காதீங்க. அவ சொல்ற விஷயத்தைக் கேளுங்க. திக்குறது பெரிசில்லை, திக்குமேன்னு பயந்து பேசாம விடுறதுதான் பெரிசு.” வீட்டில் இதை ஒழுங்காகக் கடைப்பிடித்தோம்.

2. மூலக்கரை

அன்று மாலை டிப்போவில் பாண்டியைப் பிடித்தேன். நான் கேட்பதற்கு முன்பே அவன் கேட்டான்.

“அண்ணே, பிள்ள ஸ்கூலு பசுமலையிலதான இருக்கு? தினமும் மூலக்கரைன்னுல்ல டிக்கெட் வாங்குது. அங்கனதான் எறங்குது. டியூசன் எதுவும் சேத்து விட்டீகளா?”

மூலக்கரை, பசுமலைக்கு அடுத்த ஸ்டாப். அங்கே இறங்கித் திரும்பி நடந்தால் பள்ளிக்கு லேட்டாகத்தான் போக முடியும்.

வீட்டில் கேட்டேன். நிவேதா அழவில்லை, மாட்டிக்கொண்டவள் போலச் சிரித்தாள். அதுவரை கூடப் போன தோழிதான் இருவருக்கும் சேர்த்து ஸ்டாப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். விடுமுறையில் அந்தக் குடும்பம் மேலூருக்குக் குடிபோய்விட்டது. பெண்களுக்குக் காசில்லாத வண்டிதான்; ஆனாலும் இலவச டிக்கெட்டிலும் இறங்குமிடம் பதிய வேண்டும். கண்டக்டர் கேட்டே ஆவார்.

“மூ-ன்னு இழுத்தா வந்துருதுப்பா. ப-ப-ப தான் கதவச் சாத்திக்கிருது.”

“சரி, மூலக்கரை டிக்கெட்ட வச்சுக்கிட்டே பசுமலையில எறங்கியிருக்கலாமே?”

“எ-எறங்குனா, ஏன் இங்க எறங்குறன்னு பாண்டி மாமா கேப்பாக. அ-அதுக்கும் பதில் சொல்லணுமே.”

என் மனைவி சுமதி, “நீங்களே பைக்குல கொண்டு போயி விட்ருங்க” என்றாள். என் டூட்டி விடியுமுன்பே தொடங்கிவிடும். அதைவிட, எனக்கு வேறொரு பயம் வந்தது. இன்றைக்கு ஒரு ஊர்ப் பெயருக்குப் பயந்து அடுத்த ஊரில் இறங்குகிறவள், நாளைக்கு எந்தக் கேள்விக்குப் பயந்து எங்கே போய் நிற்பாளோ.

3. எல்லோரும் உதவினார்கள்

அந்தப் பயத்தில் அவசரப்பட்டேன். அந்த ரூட்டில் ஓடும் கண்டக்டர், டிரைவர் எல்லோரும் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் மகளின் படத்தைப் போட்டு, ‘என் பொண்ணு. எதுவும் கேட்க வேண்டாம். பசுமலை போட்டுக் கொடுத்துவிடவும்’ என்று எழுதினேன்.

எங்கள் ஆட்களுக்குப் பெரிய மனசு. மறுநாளே அவள் படியில் கால் வைத்ததும், “பசுமலைப் பாப்பா வந்துருச்சு, வழி விடுங்க” என்று குரல் வந்திருக்கிறது. டிரைவர் ஒருவர் அவள் தெருமுனையில் வருவதைப் பார்த்து வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறார். இரண்டே நாளில் பயணிகளும் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். “பசுமலை, இங்கிட்டு வந்து உக்காரு.”

பள்ளிக்கு நேரத்துக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் புத்தகப் பையைத் தரையில் போட்டாள்.

“என்னைய யாருமே எ-எதுவும் கேக்க மாட்டேங்கிறாக. ந-நான் என்ன பார்சலாப்பா?”

சுமதி சிரிப்பை அடக்க அடுப்படிக்குப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வார்த்தையை முடித்துக் கொடுக்காதே என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒரு டிப்போவையே அதற்கு எதிராகத் திருப்பி வைத்திருந்தேன்.

4. சில்லறை தேடும் நேரம்

குரூப்பிலிருந்து படத்தை நீக்கிவிட்டு, ‘இனி எல்லோரையும் போல அவளிடமும் கேட்கவும்’ என்று எழுதினேன். பாண்டி நேரிலேயே வந்துவிட்டான்.

“கேக்கச் சொல்றீக, சரி. காலைக் கூட்டம்ணே. எம்புட்டு நேரம் நிக்கிறது?”

“நூறு ரூவா நோட்ட நீட்டுறவன்கிட்ட சில்லற கேட்டு மல்லுக்கட்டுவேல்ல, அதுல பாதி கூட ஆகாது மாப்ள. கேட்டுட்டு மெஷினப் பாக்காத. அவ மொகத்தப் பாரு. அம்புட்டுத்தான்.”

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த முதல் நாள் எனக்கு வீக் ஆஃப். கூட வரலாமா என்று கேட்டேன். கடைசி சீட்டில் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு நிவேதா சம்மதித்தாள்.

வண்டி பெரியாரை விட்டு நகர்ந்தது. பாண்டி கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவளிடம் வந்தான்.

“எங்கம்மா?”

“ப... ப...”

பக்கத்தில் நின்றவர், “பழங்காநத்தமா?” என்றார். அவள் தலையாட்டி மறுத்தாள். ஒரு அம்மா, “பைகாராவா இருக்கும்” என்றார். அந்த ரோட்டின் அமைப்பு அப்படி. ‘ப’ வரிசையாக நிற்கும். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர், “பசுமலைப் பாப்பாய்யா அது, தெரியாதா?” என்றார்.

இப்போது அவள் ‘ஆமாம்’ என்று தலையசைத்தால் போதும். டிக்கெட் கிடைத்துவிடும். அந்தத் தலையசைப்பு வந்துவிடக் கூடாதே என்று கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அவள் கையை உயர்த்தினாள். “இ-இருங்க.”

பாண்டி, பின்னாலிருந்து சொன்னவர் பக்கம் திரும்பி, “அண்ணே, நீங்க ஒங்க டிக்கெட்ட வாங்கியாச்சுல்ல? பிள்ள அது டிக்கெட்ட வாங்கட்டும்” என்றான். பிறகு சீட்டில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, மெஷினைத் தொடாமல், அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றான்.

“ப... ப... ப... பசுமலை ஒண்ணு.”

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். பாராட்டவில்லை, சிரிக்கவில்லை. “அடுத்து யாரு? சில்லறையா எடுத்து வைங்க” என்று நகர்ந்துவிட்டான். அவன் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

5. ஒரு புகார்

நிவேதா இப்போது பத்தாம் வகுப்பு. இன்னமும் திக்குகிறது, ‘ப’ இன்னமும் சில நாள் கதவைச் சாத்துகிறது. வண்டிக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: கேள்வி கேட்பது பாதி வேலை. பதில் வரும்வரை நிற்பது மீதி வேலை. எதிரே நிற்பவருக்குப் பதில் தெரியும். நாம் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு புதுக் கண்டக்டர் டிப்போவில் என்னிடம் வந்தான்.

“அண்ணே, ஒங்க பொண்ணுக்கிட்ட கொஞ்சம் சொல்லி வைங்கண்ணே. ஸ்டாப்புல நிறுத்தாம தள்ளி நிறுத்திட்டோம்னு அம்புட்டு பேர் முன்னாடியும் கேள்வி கேக்குது. விசில் அடிக்க விடல. நடுவுல நான் பதில் சொல்லப் போனா, ‘இ-இன்னும் முடிக்கல’ங்குது.”

“முடிச்சாளா?”

“முடிச்சுட்டுத்தாண்ணே எறங்குச்சு.”

சொல்லி வைக்கிறேன் என்றேன். இன்றுவரை சொல்லவில்லை.